வேப்பம் புகையும் வன்னிக் காய்ச்சலும்

வன்னியில் மாலைக் கருக்கலில் வேப்பிலையும் நொச்சியும் இட்டுப் புகை மூட்டுவது பழைய வழக்கம். புகை நுளம்பை விரட்டும், கொல்லாது. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம்.

கொல்லும் செடியும் உண்டு. பைரித்திரம் என்னும் சாமந்தி இனப் பூவின் சாற்றை வீட்டுக்குள் தெளித்து, 1930களில் தென்னாபிரிக்காவில் மலேரியாவைக் குறைத்தார்கள். வெயில் பட்டால் அதன் வீரியம் கெட்டுவிடும். அடிக்கடி தெளிக்க வேண்டும். ஆகவே, 1946இல் டி.டி.ரி. இலங்கைக்கு வந்ததும் பூவை எவரும் பொருட்படுத்தவில்லை. 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர்களே. தெளிப்பைக் கைவிட்டார்கள், அந்தத் தசாப்தம் முடியுமுன் நோயாளர் தொகை இலட்சங்களைத் தொட்டது. நுளம்பும் டி.டி.ரி.க்குப் பழகிவிட, 1977இல் மலத்தியன் வந்தது.

நோயைப் பரப்பிய முதன்மை நுளம்பு அனொபிலிஸ் குலிசிபேசிஸ். ஆறு வற்றும்போது மணற்படுகையில் தேங்கும் குட்டைகளில் அது பெருகும். 1995, 1996 இடப்பெயர்வுகளின்போது வன்னியில் பெருந்தொகையான மக்கள் மரநிழலிலும் தறப்பாள் கொட்டிலிலும் ஒதுங்கினார்கள். சுவரில்லாத கொட்டிலில் எதன்மீது மருந்து தெளிப்பது? மருந்துப் பொருள்களுக்கும் கட்டுப்பாடு. மிஞ்சியது வேப்பிலைதான். அதை மரபின் மகிமை என எழுதுவோருடன் எனக்கு உடன்பாடில்லை, அது கதியின்மை.

பின்னர் உதவியவற்றுள் பைரித்ரொயிட் மருந்துகளும் அவை தோய்த்த வலைகளும் அடங்கும். அந்தப் பூவின் வேதியியலைப் பின்பற்றியே அவை ஆக்கப்பட்டவை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில், வன்னிக்கு அயலான மன்னாரில், கிணற்று நீரில் பெருகும் அனொபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் புது நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது.