சன்ஷைன் அறுவடை இயந்திரம்

சன்ஷைன் அறுவடை இயந்திரம் என்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஹியூ விக்டர் மெக்கே (1865–1926) உருவாக்கி விற்பனை செய்த கோதுமை அறுவடை இயந்திரம் ஆகும். கதிர் கொய்தல், தானியம் பிரித்தல், தூற்றுதல் ஆகிய மூன்று வேலைகளையும் வயலிலேயே ஒரே ஓட்டத்தில் முடிக்கும் கூட்டு அறுவடை இயந்திரங்களில் இதுவும் ஒன்று. ஆனால் இதைத் தயாரித்த தொழிற்சாலையின் பெயர் இன்று வேளாண்மையைவிடக் கூலிச் சட்ட வரலாற்றில்தான் அதிகம் பேசப்படுகிறது.

பின்னணி

இவ்வகை இயந்திரத்துக்கு அமெரிக்காவின் மிச்சிகனில் ஹைரம் மூர் 1836-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆஸ்திரேலியாவில் வளர்ச்சி வேறு வழியில் சென்றது. 1843-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை நன்கு விளைந்திருந்தும் அறுக்க ஆள் போதவில்லை. அப்போது ஜான் ரிட்லி என்னும் மாவு ஆலைக்காரர் 'ஸ்ட்ரிப்பர்' என்ற இயந்திரத்தைச் செய்தார். (அந்த யோசனை தன்னுடையது என்று ஜான் ரேத்தால் புல் என்பவரும் உரிமை கோரினார்.) அதன் முன்புறத்தில் சீப்பு போன்ற பற்கள் இருந்தன. பற்களுக்கு இடையில் சிக்கும் கதிர்களைச் சுழலும் கட்டைகள் அடித்துப் பின்புறப் பெட்டியில் சேர்க்கும்; தாள் வயலிலேயே நிற்கும். கதிர் நன்றாகக் காய்ந்து மொரமொரப்பாக இருந்தால்தான் இது வேலை செய்யும். அந்நாட்டு வறண்ட கோடைக்கு இது பொருந்தியது. எனினும் பெட்டியில் விழுவது பதரும் மணியும் கலந்த கலவையே. அதைத் தூற்ற மறுபடியும் ஆட்கள் வேண்டியிருந்தது.

மெக்கேயின் இயந்திரம்

இந்தக் குறையைத் தீர்க்கப் பலர் முயன்றனர். மெல்பர்னில் ஜேம்ஸ் மாரோ ஏறத்தாழ அதே காலத்தில் வெற்றி கண்டார். மெக்கே அப்போது இருபது வயதுகூட நிரம்பாத உழவர் வீட்டுப் பிள்ளை. தந்தை, சகோதரர் துணையுடன் பண்ணையிலேயே 1884-இல் ஸ்ட்ரிப்பரையும் தூற்றும் விசிறியையும் ஒன்றாக இணைத்தார். 1890களின் பொருளாதார நெருக்கடியில் தொழில் நொடித்தது. மீண்டும் தொடங்கியபோது 'சன்ஷைன்' என்ற பெயரைச் சூட்டினார். பின்னர் தொழிற்சாலையை மெல்பர்னுக்கு அருகிலுள்ள பிரேபுரூக் ஜங்ஷனுக்கு மாற்றினார். 1907-இல் அந்த ஊரே சன்ஷைன் என்று பெயர் மாறியது.

கூலித் தீர்ப்பு

1906-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, நியாயமான கூலி தரும் உள்நாட்டு உற்பத்தியாளருக்குக் கலால் வரி விலக்கு உண்டு. மெக்கே விலக்கு கேட்டு விண்ணப்பித்தார். நீதிபதி ஹென்றி ஹிக்கின்ஸ் முதலாளியின் கணக்கோடு நிற்கவில்லை. தொழிலாளர் வீட்டுப் பெண்களை அழைத்து வீட்டுச் செலவையும் கேட்டார். ஏறத்தாழ ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு வாடகை, மளிகை, எரிபொருள் முதலியவற்றுக்கே வாரம் 32 ஷில்லிங் 5 பென்ஸ் ஆகும் என்று கணக்கிட்டார். அங்கே சாதாரணத் தொழிலாளர் பெரும்பாலோருக்குக் கிடைத்ததோ 36 ஷில்லிங். துணி, செருப்பு, மருந்து எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 3 ஷில்லிங் 7 பென்ஸ்! 42 ஷில்லிங்கே நியாயமான கூலி என்று 1907 நவம்பரில் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. ஆயினும் ஹிக்கின்ஸ் வகுத்த அளவுகோல் பிற்கால அடிப்படைக் கூலித் தீர்ப்புகளில் நிலைத்தது. ஆணின் வருமானத்தில் குடும்பம் நடக்கும் என்ற எண்ணத்தில் எழுந்த அளவுகோல் ஆதலால், பெண்களின் கூலி நெடுங்காலம் தாழ்ந்தே இருந்ததையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

பிற்கால வளர்ச்சி

காற்று மழையில் சாய்ந்த பயிரைச் சன்ஷைன் இயந்திரத்தால் எடுக்க முடியாது. நியூ சவுத் வேல்ஸின் ஹென்டி ஊர் உழவர் ஹெட்லி டெய்லர், தாளோடு அறுத்துக் கதிரை உள்ளே இழுக்கும் 'ஹெடர்' இயந்திரத்தைச் செய்தார். 1916-இல் அதன் உரிமையை மெக்கே வாங்கியதோடு டெய்லரையும் தம் தொழிற்சாலைக்கே அழைத்துக்கொண்டார். குதிரை இல்லாமல் தானே ஓடும் 'ஆட்டோ ஹெடர்' 1924-இல் வந்தது.

1930-இல் கனடாவின் மாசி ஹாரிஸ் நிறுவனம் இத்தொழிலில் பங்கு பெற்றது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்திரேலியர் தாமஸ் கேரல் 1938-இல் தானே ஓடும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். அதன் சிறிய, எடை குறைந்த வடிவமான 21ஆம் எண் இயந்திரம் போர்க்காலத்தில் பெயர் பெற்றது. 1944-இல் ஆள் பற்றாக்குறையில் தவித்த அமெரிக்க வயல்களுக்கு 500 இயந்திரங்கள் கூடுதலாக அனுப்பப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கே, பயிர் முற்ற முற்ற நகர்ந்து, அவை 10 லட்சம் ஏக்கருக்கு மேல் அறுவடை செய்தன.

சன்ஷைன் தொழிற்சாலை 1980களில் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது வணிக வளாகம் உள்ளது. தொழிலாளருக்காக மெக்கே அமைத்த தோட்டம் மட்டும் அவர் பெயரில் இன்றும் இருக்கிறது.