வால்வா, டிரான்சிஸ்டரா? அப்பாவின் ரெக்கார்டுகளும் ஒரு ப்ரீஆம்பும்

அப்பா காரைக்குடி வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு பெங்களூருக்கே வந்துவிட்டார். கூட வந்தவை இரண்டு டிரங்குப் பெட்டிகள். ஒன்றில் துணிமணி, இன்னொன்றில் நூற்றுச் சொச்சம் எல்.பி. ரெக்கார்டுகள். "இதைக் கேக்குறதுக்கு ஒரு வழி பண்ணுடா" என்றார். அம்மா போனபிறகு அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் இதுதான். தட்ட முடியுமா?

டர்ன்டேபிள் கிடைத்துவிட்டது. சிக்கல் ப்ரீஆம்பில்தான். முள்ளிலிருந்து வருவது 5 மில்லிவோல்ட் அளவு சிக்னல். அதை நூறு மடங்காவது பெருக்க வேண்டும். ரெக்கார்டு வெட்டும்போது குறைத்த பேஸை ஏற்றி, கூட்டிய ட்ரெபிளை இறக்கவும் வேண்டும். (1954-ல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கு இது.) இதற்கு வால்வு வாங்குவதா, டிரான்சிஸ்டர் வாங்குவதா? ஆளுக்கொன்று சொன்னார்கள். சரி, பழைய கதையைப் புரட்டிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

1904-ல் ஃப்ளெமிங் செய்த வால்வில் இரண்டு முனைகள்தான். 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவதாக ஒன்றை நுழைத்தார். நம்மூர் வாய்க்கால் மதகு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையை இம்மி அசைத்தால் போதும், பெருந்தண்ணீர் கூடும், குறையும். பெருக்கம் என்பது அவ்வளவுதான். ஆனால் உள்ளே இழை பழுக்கச் சூடாக வேண்டும், 250 வோல்ட் மாதிரி மின்சாரமும் வேண்டும். பழைய ரேடியோவில் சுவிட்சைப் போட்டு அரை நிமிஷம் கழித்து இலங்கை வானொலி மெல்ல எழுந்து வருமே, அந்தச் சூட்டுக்காகத்தான் காத்திருந்தோம். 1954-ல் தொடங்கிய நம்ம ஜாலஹள்ளி பி.இ.எல். தொழிற்சாலையும் ரேடியோ வால்வுகள் செய்திருக்கிறது. அப்பா அந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்!

1947 டிசம்பரில் பெல் லேப்ஸில் பார்டீனும் பிராட்டைனும் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். ஷாக்லியையும் சேர்த்து மூவருக்கும் 1956-ல் நோபல். சூடு வேண்டாம், சில வோல்ட் போதும். ஆனால் முதலில் வந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களுக்கு வெயில் ஆகாது, இரைச்சலும் உண்டு. டிரான்சிஸ்டருக்குக் கெட்ட பெயர் ஒட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். சிலிக்கான் பரவியதும் அந்தக் குறை பெரிதும் தீர்ந்தது.

அப்படியென்றால் 'வால்வின் இனிமை' வெறும் கட்டுக்கதையா? இல்லை. 1973-ல் ரஸ்ஸல் ஹாம் என்பவர் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். அளவுக்கு மீறி சிக்னல் ஏறும்போது இரண்டும் வேறுவேறு விதமாகக் கெடுகின்றன, வால்வு காதுக்கு இதமாகக் கெடுகிறது என்றார். அவர் பார்த்தது ஸ்டூடியோ மைக் ப்ரீஆம்புகளை. வீட்டில் ரெக்கார்டு கேட்கும்போது ஒழுங்கான ப்ரீஆம்ப் அந்த எல்லைக்குப் போவதே அபூர்வம்.

நண்பர் ஒருவர் தன் வால்வு ப்ரீஆம்பை ஒரு வாரம் இரவல் தந்தார். அழகாகத்தான் பாடியது. மூன்றாம் நாள் எங்கள் வீட்டுச் சின்னவன் மினுங்கும் வெளிச்சத்தைப் பார்த்துக் கை நீட்டினான். அப்பா பாய்ந்து தூக்கினார். "ஆஃப் பண்ணாலும் கண்டென்சர்ல கரண்ட் நிக்கும்டா. ஒருதரம் என்னைத் தூக்கி அடிச்சிருக்கு. புள்ளை இருக்கிற வீட்ல இது வேணாம்" என்றார். அதோடு முடிந்தது விவாதம்.

எஸ்.பி. ரோட்டில் 5532 சிப் போட்ட சின்ன போர்டு ஒன்று வாங்கினேன். 1970-களின் கடைசியில் வந்த சிப், இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. எர்த் வயரைச் சரியாகக் கட்டியதும் 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் போனது.

முதல் ரெக்கார்டு ஓடியது. பல்லவி முடியும் இடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். வால்விலும் அதே இடத்தில் கேட்டதுதான். போர்டில்தான் ஏதோ கோளாறு என்று நான் எழுந்தேன். அப்பா கையமர்த்தினார். "உக்காரு. அது உங்கம்மா முள்ளைக் கை தவறிப் போட்ட இடம்."

அப்பா அதை மறுபடி போடச் சொன்னார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ரெக்கார்டுகள் தூங்கினால் இறக்கி வையுங்கள். வால்வா டிரான்சிஸ்டரா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.