வெப்பமண்டலக் கணைய அழற்சியில் புற்றுநோயைப் படிமவியல் வழி கண்டறிதல்

வெப்பமண்டலச் சுண்ணக் கணைய அழற்சி என்பது கணையக் குழாயில் சுண்ணாம்புக் கற்கள் படிந்து, சுரப்பி நாராகிச் சுருங்கும் நாட்பட்ட நோயாகும். மதுப்பழக்கம் இல்லாத இளம் வயதினரையும் தாக்கும் இந்நோய் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மிகுதியாகப் பதிவாகியுள்ளது. இந்நோயாளிகளுக்குக் கணையப் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு அதிகம். ஆனால் அதனைப் படங்களில் பிரித்தறிவது எளிதன்று.

பின்னணி

இந்தோனேசியாவில் சுய்டெமா 1959-இல் இந்நோயை விவரித்தார். பின்னர் கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் பெரும் எண்ணிக்கையிலான நோயாளிகளை ஆராய்ந்தார். மரவள்ளிக்கிழங்கே காரணம் என்ற கருத்து நெடுநாள் நிலவியது. அது மட்டுமே காரணம் என்பது நிறுவப்படவில்லை. ஸ்பிங்க்1 மரபணுவின் திரிபு பல நோயாளிகளிடம் காணப்படுகிறது.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு குமுளி, போடிமெட்டு மலைப்பாதைகளால் கேரளத்தோடு இணைந்தது. எனவே இங்கு இந்நோயை அரிய நோயென ஒதுக்குதல் பொருந்தாது.

புற்றுநோய் இடர்

சென்னையில் ஒரே மருத்துவ நிலையத்தில் 185 நோயாளிகளைச் சராசரியாக 4.5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1994-இல் வெளியானது. இறந்த 24 பேரில் 6 பேர் கணையப் புற்றுநோயால் இறந்திருந்தனர். ஏறத்தாழ 100 மடங்கு இடர் எனக் கணிக்கப்பட்டது. நிகழ்வுகள் ஆறே என்பதால் இவ்வெண்ணைத் துல்லியமானதாகக் கொள்ளலாகாது. எனினும் புற்றுநோய் கண்டவர்களின் சராசரி வயது 45 அளவிலேயே இருந்தது கவனிக்கத்தக்கது.

இந்நோயில் இளமையில் வயிற்றுவலியும், பின்னர் நீரிழிவும் தோன்றும். வலி காலப்போக்கில் தணிவதுண்டு. அவ்வாறு தணிந்த வலி மீண்டும் தோன்றினாலோ, எடை குறைந்தாலோ, மஞ்சள் காமாலை கண்டாலோ புற்றுநோயை ஐயுற வேண்டும். எடைக்குறைவை நீரிழிவின் மேல் ஏற்றிவிடுவது இயல்பாக நேரும் பிழை.

படமுறைகள்

சாதாரண எக்ஸ்ரே படம் முதுகெலும்பின் இருபுறமும் உள்ள கற்களைக் காட்டும், கட்டியைக் காட்டாது. அல்ட்ராசவுண்டு எளிதில் கிடைப்பது. ஆயினும் குடல் வாயுவும் கற்களின் நிழலும் மறைக்கும்.

சி.டி. ஸ்கேன் முதன்மையானது. நரம்பு வழி மருந்து செலுத்தி, கணையத் திசு நன்கு ஒளிரும் ஏறத்தாழ 40 முதல் 45 நொடிகளில் ஒருமுறையும், கல்லீரல் ஒளிரும் 70 நொடி அளவில் மறுமுறையும் படம் எடுக்கப்படும். கட்டி சூழ்ந்த திசுவைவிட மங்கலாகத் தெரியும். சிக்கல் யாதெனில், அழற்சியால் விளைந்த நார்த்திசுவும் அவ்வாறே மங்கலாகத் தெரியக்கூடும். கணையக் குழாய் திடீரென அறுபட்டு நின்றால் புற்றுநோயையும், குழாய் சீராகக் குறுகி உள்ளே ஊடுருவிச் சென்றால் அழற்சியையும் குறிக்கும். இதனைக் காண எம்.ஆர்.ஐ. முறையிலான பித்த, கணையக் குழாய்ப் படம் உதவும். முன்பிருந்த கற்கள் இடம் பெயர்ந்திருத்தலும் ஐயத்திற்குரியது.

பெட் ஸ்கேனில் அழற்சியும் ஒளிர்வதால் அது தீர்வாகாது. எண்டோஸ்கோபி வழி அல்ட்ராசவுண்டு பார்த்து ஊசியால் திசு எடுப்பதே அடுத்த படி. இதிலும் அழற்சி குறுக்கிடுகிறது: 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் புற்றுநோயை இம்முறை கண்டறியும் திறன் அழற்சி இல்லாதோரிடம் 91 விழுக்காடாகவும், உள்ளோரிடம் 74 விழுக்காடாகவும் இருந்தது. எனவே ஊசிச் சோதனையில் புற்றணு காணப்படாமை புற்றுநோய் இன்மைக்குச் சான்றாகாது.

தொடர் கண்காணிப்பு

2020-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல், நாட்பட்ட அழற்சி உள்ள அனைவருக்கும் வழக்கமான கண்காணிப்புப் படங்களைப் பரிந்துரைக்கவில்லை. பரம்பரைக் கணைய அழற்சிக்கு மட்டும் 40 வயது முதல் அதனை அறிவுறுத்தியது. வெப்பமண்டல வகையினரின் நிலை இதனால் மருத்துவரின் தீர்ப்புக்கே விடப்படுகிறது.

ஒரு படத்தைத் தனித்துப் பார்ப்பதைவிடப் பழைய படத்தோடு ஒப்பிடுவது பெரிதும் பயன் தரும். கம்பத்தில் எக்ஸ்ரே, தேனியில் ஸ்கேன், மதுரையில் எண்டோஸ்கோபி என்று அலைய நேரும் நோயாளிக்கு, படங்களும் குறுவட்டுகளும் அறிக்கைகளும் சேர்த்து வைக்கப்பட்ட ஒரு பையே அவரது மருத்துவ ஆவணக் காப்பகமாகும்.