கூண்டு வண்டியும் பேட்டையும்

அமெரிக்காவுல இருக்கிற நண்பர் ஒருத்தர், மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்து குடும்பத்தோட யூட்டா, அரிசோனா பக்கம் சுத்திட்டு படம் அனுப்பியிருந்தார். செக்கச்செவேல்னு மலைப்பிளவுகள், நடுவுல ஒரு ரோடு, அதுல ஒரு வீடே உருண்டு போகுது! அடுப்பு, படுக்கை எல்லாம் உள்ளேயே. ராத்திரிக்கு மட்டும் அதுக்குன்னு இருக்கிற இடத்துல காசு கட்டி நிறுத்திக்கணுமாம். தண்ணி, கரண்ட், பாதுகாப்பு கிடைக்கும். "நம்ம ஊருக்கு இதெல்லாம் எப்பய்யா வரும்?"னு கேட்டிருந்தார்.

வந்துட்டுப் போயே நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுய்யா! சிவகாசிக்காரன் சொல்றேன், கேளுங்க.

செம்மண் பாலைவனம் நமக்கும் உண்டு. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடு. காத்தடிச்சா மணல்மேடு இடம் மாறும். ஓரங்கள்ல மழைத்தண்ணி அறுத்த ஓடைகள். பனையைத் தவிர பெருசா எதுவும் விளையாது. அங்கேயிருந்துதான் கருப்பட்டி, கருவாடு, உப்பெல்லாம் ஏத்திக்கிட்டு நாடார் வியாபாரிகள் வடக்கே கரிசல் சீமைக்கு வந்தாங்க. முதல்ல பொதிமாடு, பாதை சீரான பிறகு மாட்டுவண்டி.

1799-ல கட்டபொம்மன் தூக்கு, 1801-ல பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் போர். அதோட பாளையக்காரர் காலம் முடிஞ்சு கம்பெனி ஆட்சி வந்ததும், இந்த வியாபாரம் சூடு பிடிச்சுது. ஆனா பயணம் சுலபமில்லை. மாடு மணிக்கு மூணு நாலு கிலோமீட்டர் போனா பெருசு. மழை பெய்ஞ்சா கரிசல் மண்ணு சக்கரத்தைப் பிடிச்சு இழுக்கும். வெயில் காலத்துல குடிக்கத் தண்ணி இருக்காது. வைப்பாத்துல மணல்தான் ஓடும் :) வண்டியிலேயே கட்டுச்சோறு, வைக்கோல், பருத்திக்கொட்டை, வண்டிக்கு அடியிலேயே தூக்கம். எல்லாத்துக்கும் மேல வழிப்பறி பயம்.

அதுக்குக் கண்டுபிடிச்ச வழிதான் பேட்டை. வழியில ஒரு நாள் பயணத்துக்கு ஒண்ணா, சுவர் எடுத்த ஒரு வளாகம். உள்ளே கிணறு, மாடு கட்ட இடம், சரக்கு இறக்கி வைக்க இடம். நண்பர் காசு கட்டி நிறுத்தின இடமேதான்! இங்கேயும் இலவசமில்லை. கொண்டு வந்த சரக்குக்குத் தகுந்தபடி ஒரு பங்கு கொடுக்கணும். அதுக்குப் பேரு மகமை.

இது வெறும் வசதி சமாச்சாரம் இல்லைங்க. கோயிலுக்குள்ள விடமாட்டோம்னு ஊர் தள்ளி வெச்சிருந்த சமூகம் அது. அடுத்தவன் தயவை நம்பி ராத்திரி தங்க முடியாதவன், தானே சுவர் எடுத்து, தானே கிணறு வெட்டிக்கிட்டான். 1899 ஜூன்ல கோயில் நுழைவுத் தகராறு முத்தி சிவகாசியையே ஆயிரக்கணக்கானோர் தாக்கினாங்க. 'சிவகாசிக் கொள்ளை'னு இன்னிக்கும் பேசுவாங்க. பேட்டைக்குச் சுவர் ஏன்னு அதுல புரியும்.

பேட்டையைச் சுத்தி ஊர் வளர்ந்துச்சு. சிவகாசி, விருதுப்பட்டி (இன்றைய விருதுநகர்), திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டைன்னு ஆறு ஊர். மகமையை நிர்வாகம் பண்ண ஊருக்கு ஊர் உறவின்முறை. பொறுப்பு முறை வெச்சு மாறும். 1876-ல மதுரை – தூத்துக்குடி ரயில் வந்ததும் வண்டிப்பாதை மெல்ல மெல்ல ஓய்ஞ்சுது. பேட்டைக்கு வேலை குறைஞ்சுது. மகமையை மட்டும் நிறுத்தலை!

அங்கதான் விஷயமே இருக்கு. மாட்டுக்குத் தண்ணி காட்ட வசூலிச்ச பணம், பள்ளிக்கூடமாச்சு. விருதுநகர் சத்திரிய வித்யாசாலா அப்படி எழுந்ததுதான். வீட்டுக்கு வீடு உலை வைக்கும்போது எடுத்து வெச்ச பிடி அரிசியும் அதுல சேர்ந்துச்சு. 1903-ல பிறந்த காமராஜர் படிச்ச பள்ளி அது. பின்னாடி அவர் முதலமைச்சரா மதிய உணவு போட்டப்போ, இந்தப் பிடி அரிசி ஞாபகம் இல்லாமலா இருந்திருக்கும்? 1922-ல தீப்பெட்டித் தொழில் கத்துக்க அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போனதும் அதே துணிச்சலோட தொடர்ச்சின்னுதான் எனக்குப் படுது.

ஒண்ணை மறைக்காம சொல்லணும். உறவின்முறை ஒரே சாதிக்குள்ள இயங்கின ஏற்பாடு. அந்தச் சுவத்துக்கு வெளியே நின்னவங்களும் இருந்தாங்க. பள்ளிக்கூடம்தான் சுவரைக் கொஞ்சம் பெருசாக்குச்சு.

நண்பருக்கு இதைத்தான் பதிலா எழுதினேன்: "வண்டி யார் வேணாலும் செய்யலாம் ஓய். ராத்திரி பயமில்லாம அவிழ்த்துக் கட்ட ஒரு இடம் வேணும். அதைச் செஞ்சவன்தான் ஊரை உண்டாக்கினான்."