பாறசாலை வழியே போன முதல் நாயகி

மலையாளத்தின் முதல் திரைப்படமான ‘விகதகுமாரன்’ ஒரு மௌனப் படம். தென் திருவிதாங்கூர் நாடார் கிறிஸ்தவரான ஜே.சி. டேனியல் குடும்ப நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ ஸ்டூடியோவை அமைத்து இதை எடுத்தார், நாயகனும் அவரே. நாயகி பி.கே. ரோசி, புலையர் சமூகத்துப் பெண். காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். சிவனும் பார்வதியும் நாடோடிகளாக வந்து தமிழும் மலையாளமும் கலந்து பேசும் அந்தக் கூத்தின் மொழி, நெய்யாற்றின்கரை, பாறசாலை ஊர்களின் பேச்சுக்கு நெருக்கமானது.

திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் படம் வெளியான நாள் 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. பிந்தைய ஆய்வாளர்கள் 1930 அக்டோபர் 23 என்கிறார்கள். ரோசி ஏற்றது சரோஜினி என்ற நாயர் பெண் வேடம். அவர் கூந்தலில் இருந்த பூவை நாயகன் எடுத்து முத்தமிடும் காட்சியில் கூச்சல் எழுந்து, திரைமீது கல் விழுந்ததாகச் சொல்லப்படுகிறது. ஒரு தலித் பெண் திரையில் உயர்சாதிப் பெண்ணாகத் தோன்றியதே அந்தக் கூட்டத்துக்குக் குற்றமாயிற்று. ரோசியின் குடிசையும் எரிக்கப்பட்டது. லாரியில் தப்பிய அவர் நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில், பழைய அடையாளத்தை மறைத்து வாழ்ந்தார். நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் திருவனந்தபுரம்–நாகர்கோவில் நெடுஞ்சாலையில்தான் உள்ளன. அன்று அது முழுவதும் ஒரே திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்றுதான் பாறசாலையை அடுத்த களியக்காவிளையில் கேரளத்துக்கும் தமிழகத்துக்குமான எல்லை விழுந்தது. கடனாளியான டேனியலும் தமிழகப் பக்கம் சேர்ந்த அகஸ்தீஸ்வரத்தில் 1975-இல் காலமானார். சாதி ஒதுக்கிய இருவரையும் எல்லையும் அயலாராக்கியது.

டேனியலைத் தேடிக் கண்டுபிடித்து எழுதியவர் பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன். கேரள அரசு 1992-இல் டேனியல் பெயரில் விருது நிறுவியது. ரோசிக்கு அந்த நியாயம் இன்னும் தாமதமாகவே வந்தது. வினு ஆபிரகாமின் நாவலும், கமல் இயக்கிய ‘செல்லுலாய்ட்’ (2013) படமும் அவரைப் பலர் அறியச் செய்தன. இன்றைய மலையாளப் படத்தில் தலித் பெண் நாயர் வேடம் ஏற்க முடியுமா என்று ஆய்வாளர் ஜென்னி ரொவீனா எழுப்பிய கேள்வி, அனுதாபத்தைத் தாண்டி ஆய்வை நிகழ்காலத்துக்கு இழுத்தது. சென்னையில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ரோசி பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது.

அமெரிக்கக் கறுப்பினத் திரைப்பட ஆய்வும் இப்படித் தொலைந்தவற்றைத் தேடியே வளர்ந்தது. கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ 1920-இல் வெளியிட்ட ‘விதின் அவர் கேட்ஸ்’ பல்லாண்டு கழித்து ஸ்பெயினில் கிடைத்து மீட்கப்பட்டது. ஆனால் ‘விகதகுமாரன்’ படச்சுருள் கிடைக்கவில்லை. விளம்பரத் தாள்கள், நேர்காணல்கள், குடும்பத்தார் நினைவுகள் ஆகியவற்றைக் கொண்டே அதை ஆராய வேண்டியுள்ளது.