கோடியக்கரை: பார்ப்பதற்காகக் கட்டியவர்களின் கதை

தஞ்சை டெல்டாவின் தென்கோடியில், வேதாரண்யத்துக்குத் தெற்கே, சோழமண்டலக் கடற்கரை திடீரென்று மேற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின் முனைதான் கோடியக்கரை. ஒரு பக்கம் வங்கக்கடல், ஒரு பக்கம் பாக் நீரிணை, பின்னால் வேதாரண்யம் சதுப்பு நிலம். இங்கே மனிதர்கள் கட்டியவற்றில் முக்கியமான பலவும் குடியிருக்க அல்ல, எதையோ பார்க்கவும் வழிகாட்டவும் கட்டியவை. அவற்றில் எது நின்றது, எது விழுந்தது என்பதே ஒரு நல்ல வரலாற்றுப் பாடம்.

முதல் காவல் கோபுரங்கள்

கோடியக்காட்டில் இராமர் பாதம் என்ற மேடு இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர்தான் உயரம். ஆனால் இந்தத் தட்டையான பூமியில் அதுவே பெரிய உயரம்! இராமர் இங்கே நின்று இலங்கையை நோக்கினார் என்பது ஊர் நம்பிக்கை. அதாவது இந்த இடத்தின் பழங்கதையே ஒரு "பார்வை மேடை"யைப் பற்றியது.

அடுத்தது சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு பூங்குழலியையும் இந்த விளக்கையும் நினைவிருக்கும். அதன் எஞ்சிய சுவர்கள் பல நூற்றாண்டுப் புயல்களைத் தாங்கிக் கடற்கரையில் நின்றன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் அவையும் போயின. 1890-ல் ஆங்கிலேயர் இங்கே ஒரு சிறிய விளக்கைக் கட்டினர். 1990களில் கோடியக்காட்டில் உயரமான புதிய கலங்கரை விளக்கம் எழுந்தது.

கப்பலிலிருந்து பறவைக்கு

1960களில் பார்வை மாறியது. பறவையியலாளர் சாலிம் அலி, வலசைப் பறவைகளுக்கு இந்த இடம் எவ்வளவு முக்கியம் என்பதை உணர்ந்தார். 1967-ல் கோடியக்கரை சரணாலயம் உருவானது. அதன் முக்கிய நோக்கம் வெளிமான்களைக் காப்பது. 1988-ல் வேதாரண்யம் சதுப்பு நிலமும் தலைஞாயிறு காப்புக்காடும் சேர்க்கப்பட்டு சரணாலயம் பெரிதானது. 2002 ஆகஸ்டில் சுமார் 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்கே பல ஆண்டுகள் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்க விட்டனர். அந்த வேலைக்குப் பெரிய கட்டிடம் எதுவும் தேவைப்படவில்லை. வலை, தராசு, நோட்டுப் புத்தகம், கொஞ்சம் நிழல், நிறையப் பொறுமை. இவை போதும்.

பிறகு பார்வையாளர்கள் வரத் தொடங்கினர். வனத்துறை காவல் கோபுரங்கள் எழுப்பியது. தங்குவதற்கு 'பூநாரை இல்லம்' வந்தது. அக்டோபர் முதல் மார்ச் வரை பூநாரைகளும் உள்ளான்களும் வரும் காலம். பார்க்க வருபவர்களுக்குக் கட்டிடம் வேண்டும்தான். ஆனால் எப்படிப்பட்ட கட்டிடம்?

உப்பும் சேறும் காற்றும்

இங்கே கட்டுபவருக்கு மூன்று எதிரிகள். முதலாவது உப்பு. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார் என்பது நமக்குத் தெரியும். இங்கே காற்றிலும் உப்பு, தண்ணீரிலும் உப்பு. அது கான்கிரீட்டுக்குள் ஊடுருவி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்து உதிரும். உறுதிக்காகப் போட்ட கம்பியே கட்டிடத்தைக் கெடுக்கிறது!

இரண்டாவது சேறு. சதுப்பில் பாரமான அஸ்திவாரம் போட வேண்டும் என்றால் முதலில் மண் கொட்டி மேடாக்க வேண்டும், லாரி வரப் பாதை போட வேண்டும். அந்தப் பாதையே கரையாகி நீரோட்டத்தைத் தடுக்கும். ஒரு பக்கம் காயும், மறுபக்கம் தேங்கும். கால் விரல் ஆழத் தண்ணீரில் இரை தேடும் உள்ளானுக்கு அந்தச் சின்ன வித்தியாசமே வாழ்வா சாவா என்ற கேள்வி.

மூன்றாவது காற்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். கோடியக்காட்டில் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன, வெளிமான்கள் பல இறந்தன. இலேசான கூரை பறக்கும், பாரமான கட்டிடம் சேற்றில் அமிழும். இரண்டுக்கும் நடுவில்தான் வழி தேட வேண்டும்.

நடுவழி எது?

டெல்டாக்காரர்களுக்கு அந்த வழி புதிதல்ல. வைரம் பாய்ந்த பனஞ்சட்டம், சவுக்குக் கழி, தென்னங்கீற்று, சுண்ணாம்புச் சாந்து என்று இந்த மண்ணில் கிடைப்பதை வைத்தே கட்டினார்கள். கீற்று பறந்தால் அடுத்த வாரம் வேறு கீற்று வேய்ந்துவிடலாம். புயல் வரும் என்று ஒப்புக்கொண்டு, விழுந்தால் எளிதில் எழுப்பும்படி கட்டுவது அவர்கள் முறை. ஓலைக் குடிசையைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திவிட முடியாது. புயல் இரவில் மனிதர் ஒதுங்க உறுதியான கான்கிரீட் கட்டிடம் தேவை. அது ஊர்ப்பக்கம், மேட்டு நிலத்தில் இருக்கட்டும். சதுப்புக்குள் பறவை பார்க்கும் மறைவிடம் மட்டும் இலேசாக, கால்களின் மேல், கழற்றி மாட்டும்படி இருந்தால் போதும்.

ஹாங்காங்கின் மாய் போ சதுப்பில் இப்படித்தான் செய்கிறார்கள். அலையாத்திக் காட்டின் நடுவே மிதக்கும் நடைபாதை, அதன் முடிவில் மிதக்கும் மறைவிடம். நீர் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். நீரோட்டத்தை மறிப்பதில்லை.

உயரமான கோபுரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் தொலைவில் உள்ளதைப் பார்ப்போம், ஆனால் தொலைவில் உள்ள பறவையும் நம்மைப் பார்க்கும். வானத்தின் பின்னணியில் அசையும் மனித உருவம் அதற்கு அபாய அறிவிப்பு. தாழ்வான கூரையும் கண் உயரத்தில் ஒரு குறுகிய திறப்பும் இருந்தால் பறவை பக்கத்திலேயே மேயும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. காவிரியிலிருந்தும் மழையிலிருந்தும் நல்ல தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் இந்தச் சதுப்பு சதுப்பாக இருக்கும். தண்ணீர் வராத இடத்தில் எவ்வளவு அழகான மறைவிடம் கட்டினாலும் அதிலிருந்து பார்க்க வெடித்த மண்தான் மிஞ்சும். ஆகவே கோடியக்கரையில் ஒரு பார்வைக்கூடம் கட்ட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கட்டிடத்தின் வரைபடத்தை அல்ல, வாய்க்கால்களின் வரைபடத்தை.