கிளைடர்களும் அவற்றின் போர்வைகளும் – ஒரு வரலாற்று நோக்கு

மனிதனின் வான்பயண வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பறந்த கணங்களையே பதிவுசெய்துள்ளனர். எத்தனை அடி உயரம், எத்தனை செக்கன், எவ்வளவு தூரம் என்பனவே அவ்வரலாற்றின் அளவுகோல்களாக அமைந்துள்ளன. ஆயின், இயந்திரமற்ற விமானமாகிய கிளைடர் தன் ஆயுளின் மிகச் சிறிய பகுதியையே வானிற் கழிக்கின்றது. எஞ்சிய காலமெல்லாம் அது நிலத்தில் நிற்கின்றது. குறைந்த எடை, நீண்ட இறக்கை, மெல்லிய மேற்பரப்பு என வானில் அதனைத் தாங்கும் பண்புகளே நிலத்தில் அதன் பலவீனங்களாகி விடுகின்றன. கட்டப்படாது திறந்த வெளியில் நிற்கும் கிளைடரைப் பலத்த காற்று எளிதிற் புரட்டிவிடும். மழைநீர் அதன் உள்ளே புகும். வெயில் அதன் மேற்பரப்பை அரிக்கும். இவற்றிலிருந்து அதனை எவ்வாறு மூடிக் காப்பது என்ற வினாவுக்கு வெவ்வேறு காலத்தவர் கண்ட விடைகளை நோக்குவது பயனுடையதாகும்.

இவ்வினாவை முதலில் எதிர்கொண்டோருள் ஜேர்மனியரான ஒட்டோ லிலியென்தால் முக்கியமானவர். வில்லோ மரக் கழிகளாற் சட்டம் அமைத்து, பருத்தித் துணி போர்த்து அவர் தம் கிளைடர்களை ஆக்கினார். 1893இல் பேர்லினுக்கு அண்மையிலுள்ள ஸ்ரெக்லிற்ஸ் என்னுமிடத்தில் ஒரு கொட்டகையை நிறுவி, அதன் கூரையிலிருந்தே பாய்ந்து பறந்தார். மறு ஆண்டில் லிக்ரர்பெல்ட என்னுமிடத்தில் ஏறத்தாழ 15 மீற்றர் உயரமான செயற்கைக் குன்றொன்றை அமைத்தபோதும், அதன் உச்சியிற் கிளைடர்களை வைப்பதற்கான கொட்டகையையும் அவர் சேர்த்தே அமைத்தார். அவர் விற்பனைக்காகச் செய்த கிளைடரின் இறக்கைகள் வௌவாலின் சிறகுகளைப் போல மடிக்கத்தக்கனவாக இருந்தன. பறப்பதற்கான இடமும் பேணுவதற்கான இடமும் ஒன்றாகவே சிந்திக்கப்பட்டமை இங்கு கருதத்தக்கது.

அமெரிக்கரான வில்பர், ஓர்வில் றைற் சகோதரர்கள் இவ்வுண்மையை அனுபவத்தாற் கற்றுக்கொண்டனர். 1900ஆம் ஆண்டு வட கரோலினாவின் கிற்றி ஹோக் கடற்கரைக்கு அவர்கள் சென்றபோது, தங்குவதற்குக் கூடாரம் ஒன்றே இருந்தது. கிளைடருக்கெனக் கொட்டகை எதுவுமில்லை. பரிசோதனைகள் முடிந்ததும் ஒக்ரோபர் மாதத்தில் அதனை மணலிலேயே விட்டுச் சென்றனர். அவ்வூரவரான ரேற் என்பவரின் மனைவி அதன் இறக்கையிலிருந்த சற்றீன் துணியை எடுத்துத் தம் புதல்வியருக்குச் சட்டை தைத்தார். மணலிற் கிடந்து அழிய இருந்த துணிக்கு அவர் ஒரு பயனைத் தேடிக்கொடுத்தார் எனலாம்.

அடுத்த ஆண்டில் கில் டெவில் ஹில்ஸ் மணற்குன்றுகளின் அருகே 25 அடி நீளமும் 16 அடி அகலமும் கொண்ட பலகைக் கொட்டகையொன்றை அச்சகோதரர்கள் அமைத்தனர். ஆயின், கொட்டகைக்கும் காவல் வேண்டியிருந்தது. 1902இல் மீண்டு வந்தபோது, காற்று மணலை அரித்தமையால் அதன் இரு முனைகளும் தாழ்ந்திருக்கக் கண்டனர். அதனைச் சீர்செய்து பெருப்பித்து, அவ்வாண்டின் புதிய கிளைடரைப் பறப்புகளின் பின் அதனுள்ளே வைத்துச் சென்றனர். 1903இல் திரும்பியபோது புயலொன்று கட்டடத்தை அத்திவாரத்திலிருந்தே நகர்த்தியிருந்தது. எனினும் உள்ளிருந்த கிளைடர் பயன்படுத்தத்தக்க நிலையில் இருந்தது. இயந்திர விமானம் ஆயத்தமாகும் வரை அதனைக் கொண்டே அவர்கள் பயிற்சி பெற்றனர். கொட்டகை இல்லாத கிளைடர் ஒரு பருவத்துடன் முடிந்தது. கொட்டகையுள் வைக்கப்பட்ட கிளைடர் மறு பருவத்திலும் பறந்தது.

1903 டிசெம்பர் 17ஆந் திகதி இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அன்றைய நான்காவது பறப்பில் அவர்களின் இயந்திர விமானம் 59 செக்கனில் 852 அடி தூரம் சென்றது. அதன் பின் அதனை நிலத்தில் நிறுத்தி உரையாடிக்கொண்டிருந்த வேளையில், திடீரென வீசிய காற்று அதனைப் புரட்டிச் சிதைத்தது. வானில் வெற்றி கண்ட அவ்விமானம் நிலத்தில் நின்றபோதே அழிவுற்றது. அது மீண்டும் பறக்கவில்லை.

முதலாம் உலகப் போரின் பின், வெர்சாய் உடன்படிக்கை இயந்திர விமானத்துறையைக் கட்டுப்படுத்தியமையால், ஜேர்மன் இளைஞர் கிளைடரை நாடினர். 1920இல் றோன் மலைத்தொடரின் வசர்குப்பே என்னும் 950 மீற்றர் உயரமான மலையில் முதற் போட்டி நடைபெற்றது. காற்றும் மூடுபனியும் மிக்க அவ்விடத்தில் ஈரமே புதிய பகையாயிற்று. அக்காலத்துக் கிளைடர்கள் மரத்தாலும் ஒட்டுப்பலகையாலும் ஆக்கப்பட்டன. பாலிலிருந்து பெறப்படும் கேசீன் பசை அவற்றின் மூட்டுகளை இணைத்தது. அப்பசை உலர்ந்த நிலையில் உறுதியானது. நெடுநாள் ஈரத்தில் இருப்பின் வலுவிழக்கும். பூஞ்சணமும் அதனைத் தாக்கும். வெளிப்பார்வைக்குக் குறையற்ற இறக்கையொன்றின் உள்மூட்டு விட்டிருக்கக்கூடும் என்பதே இதிலுள்ள பேரபாயம். இதனால், உட்புகும் நீரைத் தடுப்பதுடன், புகுந்த நீர் வடிந்து உலர வழிசெய்வதும் இன்றியமையாததாயிற்று. இறக்கையின் அடிப்புறத்தில் விடப்பட்ட சிறு துளைகள் இத்தேவையினின்று எழுந்தனவே.

இரண்டாம் உலகப் போர் இப்பிரச்சினையைப் பேரளவினதாக்கியது. பிரித்தானியாவின் ஹோர்சா கிளைடர் 88 அடி இறக்கை அகலமுடையது, மரத்தாலானது, அதன் பகுதிகள் பலவற்றைத் தளபாடத் தொழிற்சாலைகளே செய்தன. 3,500க்கும் மேற்பட்ட ஹோர்சாக்கள் ஆக்கப்பட்டன. இத்தனை பெரிய தொகையைக் கொட்டகைகளில் அடக்குதல் இயலாதாகையால், அவை விமானத்தளங்களின் வெளிகளிலேயே வரிசையாக நின்றன. 1944 ஜூனில் நோர்மண்டிக்குப் படையினரைச் சுமந்து சென்றவற்றுள் இவையும் அடங்கும்.

மரவிமானம் தெற்காசியாவின் வெப்பத்தையும் பருவமழையையும் சந்தித்தபோது ஐயங்கள் மேலும் வலுத்தன. மொஸ்கிற்றோ என்னும் விமானம் கிளைடர் அன்று. இரு இயந்திரங்கள் கொண்ட போர்விமானம். ஆயினும் அதன் ஆக்கமும் மரமும் பசையுமே. 1944இன் பிற்பகுதியில் இந்தியாவில் அவ்வகை விமானங்கள் சில வானிலேயே உடைந்து விமானிகள் மாண்டனர். நவம்பரில் அவ்வகையினது பறப்பு நிறுத்தப்பட்டுச் சோதனைகள் நடந்தன. காலநிலையே காரணம் என்று ஒரு சாராரும், தொழிற்சாலையில் மூட்டுகள் செம்மையாகப் பொருத்தப்படாமையே காரணம் என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். எவ்வாறாயினும், திறந்த வெளியில் நிற்கும் மரவிமானத்தின் நலம் உயிர்களோடு தொடர்புடையது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

1957இல் ஸ்ருட்கார்ட் பல்கலைக்கழக மாணவர் குழுவினர் கண்ணாடி நாராலான பீனிக்ஸ் கிளைடரைப் பறக்கவிட்டதுடன் புதிய காலம் பிறந்தது. இப்புதுப்பொருள் உளுக்காது, பூஞ்சணத்துக்கும் இரையாகாது. ஆகவே இனிப் போர்வை வேண்டியதில்லை எனக் கருத இடமுண்டு. உண்மை வேறாயிற்று. ஈரத்தின் இடத்தை இப்போது வெயில் பிடித்துக்கொண்டது. கிளைடர்களில் வழங்கும் இப்பொக்சிப் பிசின்கள் பல, ஏறத்தாழ 54 பாகை செல்சியசுக்கு மேல் உறுதி தளர்வன. இவற்றுக்கு வெண்ணிறம் பூசப்படுவதன் காரணம் இதுவே. சூரிய ஒளியின் ஊதாகடந்த கதிர்கள் அவ்வெண்பூச்சை வெடிப்புறச் செய்கின்றன. விமானியறையின் ஒளிபுகு மூடி வில்லையைப் போல் ஒளியைக் குவித்து உள்ளே தீ மூட்டவும் கூடும்.

இதனால், இறக்கைகளைக் கழற்றி இழுவண்டிப் பெட்டியுள் வைக்கும் வழக்கத்துடன், பூட்டிய நிலையிலேயே முழுவதையும் துணிப்போர்வையால் மூடும் வழக்கமும் பரவியது. ஆனால், போர்வையே பகையாகவும் கூடும். காற்றுப் புகாத படங்கினால் மூடினால் நீராவி உள்ளே ஒடுங்கி நீராகிப் பூச்சிற் கொப்புளங்களை எழுப்பும். தளர்வாகக் கட்டினால் துணி காற்றில் அடித்து மேற்பரப்பைத் தேய்க்கும். இடையில் தூசி இருப்பின் அது அரத்தின் தொழிலைச் செய்யும். ஆகவேதான் வெயிலைத் தெறிக்கும் வெண்ணிற வெளிப்புறமும், மென்மையான உட்புறமும், நீராவி வெளியேற இடந்தரும் நெசவும் கொண்ட போர்வைகள் விரும்பப்படுகின்றன. கழுவித் துடைத்த பின்பே மூடுதல் வேண்டும். உலர்ந்த நாளில் திறந்து காற்றாட விடுதலும் வேண்டும். காற்று கிளைடரைத் தூக்காதிருக்க, அதனை நிலத்தில் முளையடித்துக் கட்டுவது வேறொரு பணி. போர்வை அதற்கு ஈடாகாது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, துணிக்குக் காற்றும், பசைக்கு ஈரமும், பிசினுக்கு வெயிலும் பகையாயிருந்தமை புலனாகும். பொருள் மாறுந்தோறும் பகை மாறிற்று. பகை மாறுந்தோறும் போர்வையும் மாறவேண்டியதாயிற்று. ஒரு காலத்துக்குப் பொருந்திய காவலை ஆராயாது மறுகாலத்துக்கு ஏற்றியவர்கள் இழப்பையே கண்டனர். லிலியென்தாலின் குன்றில் 1932இல் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அவர் பறந்தமையை அது நினைவூட்டுகின்றது. அதே உச்சியில் முன்னர் நின்ற கொட்டகை இன்று இல்லை. ஆனால், அவரது கிளைடர் மறுநாளும் பறப்பதற்கு அக்கொட்டகையே வழிசெய்தது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.